நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன்

உலகமே 'பூட்டு' என்று கூப்பிடுகிற நம் கதாநாயகிக்குச் சொந்த வீட்டில் ஓர் அலமாரிக்குக்கூடப் பூட்டு கிடையாது. இந்தத் தொடர்கதையின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் புழங்கலாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் சம்பளம் வாங்காமல் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் திருத்தங்களைச் சேர்த்து, சோதித்து, 'இதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தன் கையெழுத்தோடு ரிலீஸ் செய்கிற பொறுப்பு இவளுடையது. அதற்குச் சில வாரம் முன்னால் 'பூட்டியாச்சு' என்று ஒரு வார்த்தை எழுதுவாள். அதன் பிறகு புதிதாக எதையும் உள்ளே விடமாட்டாள். மொழியை உருவாக்கிய பெரியவரே வந்து கெஞ்சினாலும் நடக்காது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் 'பூட்டு'. தம்பி அதைப் 'பூட்டக்கா' ஆக்கினான்.

வாரநாட்களில் ஒரு பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுகிறாள், அதற்குச் சம்பளம் உண்டு. இதற்கு என்ன கிடைக்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டாம். அவள் அம்மா தினமும் கேட்கிறாள்.

அந்தத் தம்பி வேலை போய், பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனைவியோடு வந்து மாடியில் தங்கினான். ஒன்றரை வருஷம் ஆகிறது. சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அக்காவின் மொழிக்கு ஒரு பெரிய வேலை செய்து கொடுத்தான். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது எதையெதையோ எடுத்துப் பரப்பிக்கொள்ளும். தேவை முடிந்ததை அவ்வப்போது பெருக்கித் தள்ளி இடத்தைக் காலி செய்ய ஒரு பகுதி வேண்டும். பழைய பகுதி மெதுவானது. தம்பி எழுதியது படுவேகம். அம்மா அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தாள், வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

துடைப்பம் இந்த ரிலீஸில் வந்துவிட்டால் திங்கட்கிழமையே வேலையில் சேரலாம் என்று ஒரு பெரிய நிறுவனம் தம்பிக்குச் சொல்லியிருந்தது. பூட்டக்காவோ தம்பியின் வேலையைத் தான் படித்துச் சரி சொல்லக் கூடாது என்று முதல் நாளே எல்லாருக்கும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அவ்வளவு கறார். போன வாரம், கடைசிப் பட்டனுக்கு மேல் அவள் விரல் நின்றபோது டிங் என்று ஒரு செய்தி வந்ததே, அங்கிருந்து தொடருவோம்.

செய்தியை எழுதியிருந்தவள் ஒரு வானிலை நிலையத்தில் வேலை செய்கிற பெண். மேசையில் சாப்பிட்ட தட்டுகள் இன்னும் எடுக்கப்படவில்லை. பூட்டக்கா தட்டை நகர்த்திவிட்டுப் படித்தாள்.

'உங்கள் சோதனைப் பதிப்பை எங்கள் கருவிகளில் ஓட்டினேன். மழை அளவு சரியாக வருகிறது. காற்றின் வேகம் வந்துகொண்டே இருந்து திடீரென்று காணாமல் போகிறது. எல்லா நேரமும் இல்லை. சில சமயம் மட்டும். மன்னிக்கவும், ரிலீஸ் நாளில் தொந்தரவு செய்கிறேன்.'

சில சமயம் மட்டும். அந்த மூன்று வார்த்தைகளை அவள் இரண்டு தடவை படித்தாள். எப்போதும் வருகிற பிழையைப் பிடித்துவிடலாம். ஆள் பார்க்கும்போது ஒளிந்துகொள்கிற பிழைதான் குடியைக் கெடுக்கும்.

வானிலைப் பெண் அனுப்பிய புரோகிராமைத் தன் லேப்டாப்பில் திரும்பத் திரும்ப ஓட்டினாள். சரி, சரி, சரி என்று வந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று காபியை எடுத்து வாயில் வைக்கும்போது ஒரு தடவை காற்றின் வேகம் காணாமல் போய், 'தவறு' என்று விழுந்தது. மறுபடி ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுந்தது.

துடைப்பத்தின் வேலைதான். பந்தியில் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுத்துவிடுகிறது. இன்னும் தேவைப்படுகிற தகவலைக் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளுகிறது. புது ரகக் கம்ப்யூட்டர்களில் இது நடக்காது. அவள் வைத்திருப்பது போன்ற பழைய ரகத்தில் மட்டும், அதுவும் எப்போதாவது. ஆனால் உலகத்தில் பாதி ஆஸ்பத்திரியும் பாதி ஆபீசும் அந்தப் பழைய ரகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதைக் காட்டிக்கொடுக்க ஒரு டெஸ்ட் இருக்கவேண்டுமே, அது எங்கே போனது என்று தேடினாள். இருந்தது. ஆனால் ஓடவிடாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் அவர்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். சில டெஸ்ட்கள் காரணமே இல்லாமல் ஒரு நேரம் சரி என்னும், ஒரு நேரம் தவறு என்னும். அவற்றை 'ஆடுற டெஸ்ட்' என்பார்கள். எழுதியவரே அதை ஒதுக்க முடியாது. வேறொருவர் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் நூறு தடவை ஓட்டிப் பார்த்து, ஒரு தடவையும் விழவில்லை என்று எழுதினால்தான் ஒதுக்கலாம். யாரும் பக்கத்தில் நின்று எண்ணமாட்டார்கள். எழுதுகிறவரின் வார்த்தைதான் எல்லாம். இத்தனை வருஷமாக அது போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒதுக்கச் சொல்லிக் கேட்டது தம்பி. அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது.

'என் கம்ப்யூட்டரில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. ஒதுக்கலாம்.'

எழுதியவர் அவள் கணவர்.

அவர் கல்லூரியில் பாடம் எடுப்பவர், வீட்டிலும் வெளியிலும் புரொபசர்தான். கல்யாணமான புதிதில் இந்த மொழியை அவளுக்கு அறிமுகம் செய்தவரே அவர். 'படிக்காத ஒரு வரிக்குக்கூடச் சரி சொல்லக் கூடாது' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். திருத்தங்களுக்குச் சம்மதம் சொல்லும் உரிமை உள்ள பழைய ஆட்களில் ஒருவர். அவர் சரி என்றால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அவள் அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் முழுக்க அவருடைய லேப்டாப் ஸ்கிரீன் உடைந்து ரிப்பேர் கடையில் கிடந்தது. பில்லைக் கொடுத்து வாங்கி வந்ததே அவள்தான்.

*

"அக்கா, அமுக்கிட்டியா?"

தம்பி மாடிப்படியில் இறங்கி வந்தான். கையில் இஸ்திரி போட்ட சட்டை ஹேங்கரோடு இருந்தது. திங்கட்கிழமைக்கு. அவன் மனைவி பின்னாலேயே வந்து, "கலர் நல்லா இருக்கா அண்ணி? அந்த நீலத்தவிட இது பரவால்லல்ல?" என்றாள். மருந்துக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்று குடும்பத்தை ஓட்டுகிற பெண் அவள். ஒன்றரை வருஷத்தில் அவள் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து பூட்டக்கா பார்த்ததில்லை.

"உக்காருடா," என்றாள் பூட்டக்கா.

"ஏன், என்ன ஆச்சு?"

"துடைப்பம் தப்பு பண்ணுது. பழைய மெஷின்ல. இருக்கிற டேட்டாவத் தூக்கி எறிஞ்சிடுது."

அவன் சிரித்தான். "காலங்காத்தால பயமுறுத்தாதக்கா. நாலு பேர் படிச்சிருக்காங்க. எல்லா டெஸ்ட்டும் பாஸாகிப் பச்சை."

"ஒரு டெஸ்ட்ட ஒதுக்கி வெச்சிருக்கியே."

"அது ஆடுற டெஸ்ட். என் மெஷின்ல விழவே இல்ல. எங்கேயோ ஒருத்தருக்கு விழுந்துச்சு. அதான் அத்தான ஓட்டிப் பாக்கச் சொன்னேன். அவர் நூறு தடவை ஓட்டிட்டாரே."

பூட்டக்கா லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். அவன் நின்றபடியே பார்த்தான். பிறகு ஹேங்கரை நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தான். திரையில் அது விழுந்தபோது அவன் முகமும் விழுந்துவிட்டது.

"ஒரு வாரம் குடு," என்றான். "ஒரே வாரம். கண்டுபிடிச்சிடுறேன்."

"தள்ள முடியாதுடா. இதே ரிலீஸ்லதான் மொழியில இருக்கிற பாதுகாப்பு ஓட்டைய அடைக்கிற வேலையும் வருது. இன்னிக்கு மத்தியானம் ஓட்டை இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லப்போறாங்க. சொன்ன நிமிஷமே திருடன் கிளம்பிடுவான். அடைப்பு அதுக்குள்ள எல்லார் கையிலயும் இருக்கணும்."

"அப்ப இப்படியே விடு. அடுத்த வாரம் ஒரு சின்னத் திருத்தம் விட்டுக்கலாம். எத்தனை பேர் பழைய மெஷின் வெச்சிருக்காங்க?"

"ஒரு ஆஸ்பத்திரில விழுந்தா?"

"ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரினு எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரியக் காட்டாத. நான் நல்லா இருக்கேனானு பாரு முதல்ல."

அம்மா கத்தரிக்கோலோடு வந்தாள். பால்கனிச் செடிகளின் காய்ந்த இலைகளை வெட்டிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னடி சொல்ற, அவன் வேலைய எடுக்கப்போறியா?"

"எடுக்கத்தாம்மா வேணும்."

"அடுத்தது எப்ப?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசம் அந்தக் கம்பெனிக்காரன் இவனுக்கு நாற்காலி போட்டுக் காத்திருப்பானா?"

அம்மா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் ஓசில உழைக்கிற. லீவு நாள்ல எவனோ ஒருத்தன் கேட்டான்னு விழுந்தடிச்சு ஓடற. கூடப் பொறந்தவனுக்குன்னு வரும்போது மட்டும் சட்டம் பேசு. ஒரு பைசா கொடுத்தானா இந்த மொழிக்காரன் உனக்கு?"

"அம்மா, விடு," என்றான் தம்பி. ஆனால் அம்மாவை நிறுத்துகிற குரல் இல்லை அது. பேசட்டும் என்று விட்ட குரல்தான். பூட்டக்காவுக்கு அது புரிந்தது, சுருக்கென்று தைத்தது.

"துடைப்பம் வராது," என்றாள். "என்ன திட்டினாலும் வராது."

தம்பி மனைவி நாற்காலியிலிருந்து ஹேங்கரை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

*

புரொபசர் படுக்கையறையில் கட்டிலின் ஓரத்தில் செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெளியே நடந்த பேச்செல்லாம் கேட்டிருக்கும். கேட்டும் எழுந்து வரவில்லை. பூட்டக்கா கதவைச் சாத்தினாள்.

"ஸ்கிரீன் உடைஞ்ச வாரம் உங்க லேப்டாப் எங்க இருந்தது?"

"ரிப்பேர் கடையில. ஏன்?"

"அப்ப எந்த மெஷின்ல நூறு தடவை ஓட்டினீங்க?"

அவர் கட்டை விரல் நகத்தை வெட்டி முடித்தார். நகவெட்டியை மடக்கினார். பொய் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் பொய் சொல்லவில்லை.

"ஓட்டல. போன்ல இருந்து எழுதிப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? உன் தம்பி நாலு நாளா படிக்கட்டுல நின்னு 'அத்தான் பாத்தீங்களா, அத்தான் பாத்தீங்களா'னு. வேலை கிடைக்கப்போற நேரத்துல என்னால எதுக்குத் தடைனு போட்டேன்."

"அவனுக்காகவா போட்டீங்க?"

இதற்குத்தான் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"எனக்காகவும்தான்," என்றார். "மாடி என் படிக்கிற ரூம். ஒன்றரை வருஷமா என் புத்தகம் பூரா இந்தக் கட்டிலுக்கடியில அட்டைப் பெட்டில கிடக்கு. சாப்பாட்டு மேசையில ஒரு பக்கம் நீ, இன்னொரு பக்கம் உங்கம்மா காய் நறுக்குறாங்க. நான் பரீட்சைப் பேப்பர மடில வெச்சுத் திருத்துறேன். என்னிக்காவது வாயத் திறந்தேனா?"

"திறந்திருக்கலாமே."

"திறந்தா மச்சினன வீட்ட விட்டுத் துரத்தின மனுஷன்னு பேர் வந்திருக்கும். வேலை கிடைச்சா தானே போயிடுவான். ஒரு வரிதானேனு எழுதிட்டேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் செய்தித்தாளை நகத் துண்டுகளோடு மடித்தார். நான்காக மடித்து, மறுபடி மடித்தார்.

"என் பேர இதுல இழுக்காத," என்றார். "நான் பாக்காம எழுதினேன்னு தெரிஞ்சா இத்தனை வருஷம் நான் சரினு சொன்ன எல்லாத்தையும் தோண்டுவாங்க. பாத்துச் சொன்னதையும் சேத்துத்தான். எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு. காலேஜ்ல என்ன எவன் மதிக்கிறான்?"

இது உண்மைதான், அவளுக்கே தெரியும். கல்லூரியில் பதவி உயர்வு மூன்று தடவை அவரைத் தாண்டி இளையவர்களுக்குப் போய்விட்டது. இந்த மொழிக்காரர்களின் கூட்டத்தில் மட்டும்தான் அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

அவள் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவளும் இல்லை என்று திருத்தவில்லை.

*

ஒன்றரை வருஷ உழைப்பை எடுத்து வெளியே வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? தட்டு கழுவுகிற நேரம். எடுத்த இடத்தில் பழைய பகுதியை வைத்து, எல்லா டெஸ்டையும் முதலிலிருந்து ஓடவிட்டாள். அதற்குத்தான் நேரம் பிடித்தது. ஓடுகிற வரை அறிவிப்பை எழுதினாள்.

என்ன மாறியிருக்கிறது, என்ன எடுக்கப்பட்டிருக்கிறது, ஏன் எடுக்கப்பட்டது என்று ரிலீஸ் அறிவிப்பில் ஒளிக்காமல் எழுதவேண்டும். அவள் வழக்கம் அது. எழுதினாள்.

'புதிய துப்புரவுப் பகுதி இந்த ரிலீஸில் இல்லை. பயன்பாட்டில் இருக்கும் தகவல்களை அது சில கம்ப்யூட்டர்களில் அழித்துவிடுகிறது. இதைக் காட்டிக்கொடுத்திருக்கவேண்டிய டெஸ்டை, அந்தப் பகுதியை எழுதிய என் தம்பியே ஒதுக்கிவைக்கக் கேட்டிருந்தார்.'

அடுத்த வரியையும் எழுதினாள். 'நூறு தடவை ஓட்டியதாகச் சம்மதம் கொடுத்தவர் உண்மையில் ஓட்டவில்லை.'

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உள்ளே புரொபசர் இருமினார். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பிழை எழுதியவனுடையது, பிழை என்ன என்று சொல்லியாயிற்று, ஒதுக்கச் சம்மதம் சொன்னது யார் என்று எவன் பக்கம் பக்கமாகப் புரட்டப்போகிறான். அழித்தாள். அழித்ததும் அறிவிப்பு சுருக்கமாக, நேர்த்தியாக இருப்பதுபோலத் தெரிந்தது.

மத்தியானம் எல்லா டெஸ்டும் பச்சையாகி, கையெழுத்துப் போட்டு வெளியே விட்டாள். அடுத்த நிமிஷமே வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. 'நன்றி பூட்டு', 'கடைசி நாளில் துணிச்சலான முடிவு', 'சொந்தத் தம்பி என்றும் பார்க்கவில்லை, இதுதான் நேர்மை' என்று முகம் தெரியாதவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வானிலைப் பெண் காற்று வேகம் திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தாள்.

எந்த ரிலீஸ் நாளிலும் இந்த நேரத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் இந்த வேலையைச் செய்தாள் என்றுகூடச் சொல்லலாம். இன்று நேர்மை என்ற வார்த்தையைப் படித்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டாள்.

மாடியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம்.

தம்பி ஒருமுறை கீழே வந்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை. படுக்கையறை வாசலில் நின்று, "அத்தான், உங்க லேப்டாப் கொஞ்சம் தரீங்களா? என்னோடதுல சார்ஜ் நிக்கல," என்று கேட்டான். புரொபசர் கொடுத்தார். அவசரமாகவே கொடுத்தார், கேட்டதைக் கொடுத்து எதையோ தீர்த்துக்கொள்கிறவர்போல. பூட்டக்காவுக்கு என்னவோபோல் இருந்தது. என்னவென்று யோசிக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

*

வெயில் தாழ்ந்த நேரம் தம்பி மனைவி இறங்கி வந்தாள். இஸ்திரிப் பெட்டி, குடை, ஒரு பெரிய பாத்திரம், இரண்டு தலையணை உறை. ஒன்றரை வருஷத்தில் கீழிருந்து மேலே போனவற்றையெல்லாம் மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள். உறைகளைத் துவைத்து மடித்திருந்தாள்.

"இதெல்லாம் உங்களுது அண்ணி."

"எதுக்கு இப்ப? இருக்கட்டுமே."

"எங்க கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்கு. ஓனர் எப்பவோ சொன்னார். இவர்தான் அக்கா வீடு இருக்கேன்னு சொல்லிட்டிருந்தார்."

"சண்டை போட்டுட்டுப் போகாத. நான் வேணும்னு பண்ணல, தெரியும்ல உனக்கு?"

"எனக்கு அந்த மொழியெல்லாம் தெரியாது அண்ணி," என்றாள் அவள். "ஆறு மாசம்னா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இன்னும் ஆறு மாசம் காலு வீங்க நிக்கணும்."

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகளைத் திட்டுவதும் மகனை அனுப்புவதும் ஒரே வீட்டில் ஒரே நாளில் நடக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

தம்பி வந்தான். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் புரொபசரின் லேப்டாப் திறந்தபடியே இருந்தது. பெட்டியை வைத்துவிட்டு லேப்டாப்பை மேசையில் தலையணை உறைகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீ எழுதினதப் படிச்சேன்," என்றான். "என் தப்ப உலகத்துக்கே எழுதியிருக்க. எழுதவேண்டியதுதான். தப்பு பண்ணினது நான்தான், டெஸ்ட்ட ஒதுக்கச் சொன்னதும் நான்தான். அதுல எனக்குக் கோபமில்ல."

"பின்ன என்னடா?"

"இந்த மெஷின்ல ஓட்டிப் பாத்தேன். அத்தான் மெஷின்ல. இதுவும் பழைய ரகம்தான். நூறு தடவை." அவன் திரையைத் தட்டினான். "ஏழு தடவை விழுந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல. ஓட்டியிருந்தா பாக்காம இருந்திருக்க முடியாது."

புரொபசர் அறை வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்.

"அன்னிக்கே விழுதுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பூட்டறதுக்கு மூணு வாரம் இருந்தது," என்றான் தம்பி. குரலை உயர்த்தவில்லை. "மூணு வாரத்துல சரி பண்ணியிருப்பேன்கா. ராத்திரி பகலா உக்காந்து பண்ணியிருப்பேன். வேற என்ன வேலை எனக்கு?"

பூட்டக்காவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உனக்குத் தெரியும்," என்றான். "காலையிலயே தெரிஞ்சிருக்கும். நீ தேதியப் பாக்காத ஆளா? என் பேரு மட்டும் இருக்கு. அத்தான் பேரு எங்க?"

"மச்சான், நான் சொல்றதக் கேளு," என்று புரொபசர் ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட நான் பேசல அத்தான். நீங்க எனக்காகப் பண்ணினீங்களோ, நான் போனாப் போதும்னு பண்ணினீங்களோ, அது உங்க பாடு. நான் அக்காகிட்டதான் கேக்கறேன். ஊருக்கெல்லாம் பூட்டு. ஒரே ஒரு கதவ மட்டும் ஏன்கா திறந்து விட்ட?"

தன் கணவனுக்கு வேறு எதுவும் இல்லை என்பதை, வேலையும் வீடும் போய் நிற்கிற தம்பியிடம் எப்படிச் சொல்வது?

அந்த நேரத்தில் அவளுடைய லேப்டாப்பில் டிங் என்றது. பழக்கதோஷம், திறந்துவிட்டாள். மொழியின் பெரிய முடிவுகளை எடுக்கிற ஐவர் குழுவிலிருந்து வந்திருந்தது. தம்பியும் குனிந்து படித்தான். புரொபசரும் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார்.

'ரிலீஸுக்கு நன்றி. ஒரு சந்தேகம். அந்த டெஸ்டை நூறு தடவை ஓட்டியதாக உங்கள் கணவர் எழுதியிருக்கிறார். எங்களில் ஒருவருக்குப் பழைய கம்ப்யூட்டரில் பத்து தடவைக்குள்ளேயே விழுந்தது. அவர் உண்மையில் ஓட்டினாரா என்பதை நீங்கள் சொன்னால் போதும். உங்கள் வார்த்தைக்கு மேல் நாங்கள் எதையும் சோதிக்கப்போவதில்லை.'

புரொபசர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஓட்டினார்னு ஒரு வார்த்தை எழுதிடு," என்றார். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "யார் வந்து பாக்கப் போறாங்க."

மத்தியானம் அந்த வரியை அழித்தபோது அவள் மனதில் ஓடியதும் இதே வார்த்தைகள்தான். தன் குரலில் நியாயமாகக் கேட்டது, அவர் குரலில் அசிங்கமாக இருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்று ஒலி எழுப்பியது. தம்பி மனைவி பைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா எழுந்திருக்கவில்லை. தம்பி சட்டைப் பையிலிருந்து மாடிச் சாவியை எடுத்து இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். பெட்டியை எடுக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"எழுதுக்கா," என்றான். "நீ என்ன எழுதறனு பாத்துட்டுப் போறேன்."